பெடல் ரப்பர் தேய்ந்தால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது எப்படி

திண்டுக்கல்லில் ஒரு டிரைவிங் ஸ்கூலின் 5 கார்களை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆல்டோ, வேகன் ஆர் என்று எல்லாம் சின்ன வண்டிகள். பழகுபவர்கள் ஏறும் வண்டியில் கிளட்ச் ரப்பர் மாதிரி சீக்கிரம் தேயும் சாமான் வேறு கிடையாது. ஒரு நாளைக்குப் பத்துப் பேர் ஏறி, ஆளுக்கு நூறு தடவை மிதித்தால் எந்த ரப்பர் தாங்கும்? வீட்டு வண்டியில் ஐந்தாறு வருஷம் வருவது எங்களிடம் ஒன்றரை வருஷம் வந்தாலே பெரிது. அப்படி மாற்றி மாற்றிப் பழகியதில் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரப்பர் தேய்ந்தால் புதிது போடுவது பத்து நிமிட வேலை. ஆனால் பழையது ஏன் அப்படித் தேய்ந்தது, ஏன் ஈரமாக இருக்கிறது, ஏன் திரும்பிக்கொண்டது என்று பார்க்காமல் புதிதைப் போட்டால், வண்டி காட்டிக்கொண்டிருந்த அடையாளத்தை நாமே மூடிவிடுகிறோம். அதனால்தான் அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன்.

தொடங்கும் முன்

வண்டி சமதரையில் நிற்கட்டும். இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் விடுங்கள். டிரைவர் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, கதவைத் திறந்து, வெளியே மண்டி போட்டு உட்காருங்கள். சீட்டில் உட்கார்ந்தபடி குனிந்து பார்த்தால் பெடலின் மேல்பக்கம் மட்டும்தான் தெரியும். நமக்கு வேண்டியது ஓரமும் பின்பக்கமும். செல்போன் டார்ச் போதும்.

கையால் பார்ப்பது கண்ணால் பார்ப்பதைவிட முக்கியம். கட்டைவிரலை ரப்பரின் மேல் வைத்துப் பக்கவாட்டில் தேயுங்கள். வரிகள் விரலில் தட்டுப்பட வேண்டும். நகத்தால் அழுத்தினால் தடம் பதிந்து மெல்ல மறைய வேண்டும். நகம் பதியவே இல்லை என்றால் ரப்பர் இறுகிப்போய்விட்டது. அடுத்து, ஓரத்தைப் பிடித்து மடக்கிப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் மடக்கும்போதுதான் வாய் திறக்கும்.

அறிகுறி 1: கால் வழுக்குகிறது

வழுக்குகிறது என்றதும் எல்லோரும் ரப்பர் வாங்கத்தான் ஓடுகிறார்கள். பாதி நேரம் அது தேவையே இல்லை.

முதலில் மேலே என்ன படிந்திருக்கிறது என்று பாருங்கள். வாட்டர் வாஷ் கொடுத்து வந்த வண்டியில் இது அடிக்கடி நடக்கும். டேஷ்போர்டுக்கு அடிக்கும் பாலிஷை, பளபளப்பாக இருக்கட்டும் என்று பெடலுக்கும் அடித்துவிடுகிறார்கள். போன வருஷம் எங்கள் வண்டி ஒன்று அப்படித்தான் மினுமினுவென்று திரும்பி வந்தது. காலையில் முதல் வகுப்புக்கு வந்த பெண் கிளட்சை மிதித்துப் பிடித்திருந்தபோதே கால் வழுக்கி விட்டுவிட்டது. வண்டி ஒரு குதி குதித்து நின்றது. மைதானம் என்பதால் ஒன்றும் ஆகவில்லை. முன்னால் ஒரு சைக்கிள் நின்றிருந்தால்? அன்றிலிருந்து வாஷ் முடிந்து வரும் வண்டியில் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது பெடலைத்தான்.

பாலிஷ், எண்ணெய், மண் எதுவானாலும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் பழைய பல் பிரஷும் போதும். வரிகளுக்குள் பிரஷை விட்டுத் தேய்த்து, ஈரத் துணியால் இரண்டு தடவை துடைத்து, காய விடுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் வேண்டவே வேண்டாம். அழுக்கு போகும், கூடவே ரப்பரும் ஊறி உப்பி, பிடிப்பு தளர்ந்துவிடும்.

அடுத்து செருப்பு. அடிப்பாகம் தேய்ந்த ஹவாய் செருப்பில் மழைத் தண்ணீர் இருந்தால் புது ரப்பரும் வழுக்கும். எங்களிடம் வருபவர்களுக்கு, பின்பட்டை இருக்கும் செருப்பு அல்லது ஷூ போட்டு வரச் சொல்கிறோம். மழை நாளில் ஏறும் முன் மேட்டில் (காரின் தரை விரிப்பில்) செருப்பின் அடிப்பாகத்தைத் துடைத்துவிட்டு ஏறச் சொல்வோம்.

கழுவியாயிற்று, ஷூவும் காய்ந்திருக்கிறது, இன்னும் வழுக்குகிறது என்றால் இரண்டில் ஒன்று. வரிகள் மொழுக்கென்று போயிருக்கும். அல்லது வரி இருந்தும் ரப்பர் கல் மாதிரி ஆகியிருக்கும். இரண்டாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. சித்திரை வெயிலில் மூடிய கண்ணாடியோடு வருஷக்கணக்கில் நின்ற வண்டியில், அதிகம் ஓடாமலேயே ரப்பர் இறுகிவிடும். பார்க்கப் புதிது மாதிரி இருக்கும், பிடிக்காது. எப்படி இருந்தாலும் மாற்றுவதுதான் வழி. பிளேடால் புது வரி கீறிவிடும் வேலையைச் செய்யாதீர்கள். கீறிய இடத்திலேயே கிழியும்.

வழுக்கும் ரப்பரில் ஒருவித ஈரம், மழைத் தண்ணீர் மாதிரி தெரியவில்லை என்றால் நேரே அறிகுறி 4-க்குப் போங்கள். அதற்கு முன் வண்டியை எடுக்க வேண்டாம்.

அறிகுறி 2: ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது

பிரேக் ரப்பரின் வலது பக்கம், அதிலும் கீழ் மூலை, அதிகம் தேய்ந்திருந்தால் பயப்பட வேண்டியதில்லை. குதிகாலை ஆக்ஸிலேட்டர் பக்கம் ஊன்றியபடி முன்பாதத்தைத் திருப்பி பிரேக் மிதிக்கிறோம், அந்த மூலைக்குத்தான் எல்லாச் சுமையும். அங்கே உலோகம் எட்டிப் பார்க்கும் வரை விடாமல் மாற்றினால் சரி.

பிரேக் ரப்பர் நன்றாக இருக்க கிளட்ச் ரப்பர் மட்டும் மொட்டையாகிவிட்டது என்றால், ஓட்டுபவர் கிளட்சின் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டுகிறார் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட வண்டியில் ரப்பர் மாற்றுவதோடு கிளட்ச் பிளேட்டையும் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். காலி ரோட்டில் நான்காவது கியரில் நிதானமாகப் போகும்போது ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மிதியுங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறாமல் இருந்தால் பிளேட் நழுவுகிறது. அது மெக்கானிக் வேலை, கியர் பாக்ஸைக் கழற்ற வேண்டும், செலவும் பெரிது.

கிளட்ச் ரப்பரின் கீழ் விளிம்பு மட்டும் தேய்ந்தால் நான் சீட்டைப் பார்ப்பேன். சீட் பின்னால் இருந்தால் காலை நீட்டி நுனியால் மிதிப்பார்கள். கிளட்சை முழுக்க மிதித்த நிலையிலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கும்படி சீட்டை வையுங்கள். காசில்லாத வைத்தியம்.

இதெல்லாம் சரி, ஆனாலும் கோணல் தேய்மானம் என்றால் பெடலையே இரண்டு விரலால் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். துளி ஆட்டம் இருக்கலாம். கடகடவென்று ஆடினால் மேலே பெடல் தொங்கும் இடத்தில் புஷ் (அச்சைச் சுற்றியிருக்கும் வளையம்) தேய்ந்திருக்கிறது. புஷ் விலை குறைவு, மாற்றும் கூலிதான் அதிகம். டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்துச் செய்யும் வேலை, பிரேக் பெடலில் அதை நான் மெக்கானிக் கையில்தான் கொடுப்பேன்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. மீட்டரில் 25,000 கிலோமீட்டர், கிளட்ச் ரப்பரில் தகடு தெரிகிறது என்றால் அந்த மீட்டரை நம்பாதீர்கள். ஸ்டியரிங் வழவழப்பு, டிரைவர் சீட்டின் வலது ஓரம் ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். மீட்டரில் கொஞ்சமாக ஓடிய வண்டியில் பளிச்சென்று புது ரப்பர் இருந்தாலும் ஏன் மாற்றினீர்கள் என்று கேட்க வேண்டியதுதான்.

அறிகுறி 3: ரப்பர் திரும்புகிறது, கழன்று வருகிறது

பெடல் ரப்பருக்குப் பசையோ ஸ்க்ரூவோ கிடையாது. பின்பக்கம் நாலு ஓரத்திலும் ஓர் உதடு மடிந்திருக்கும். பெடலின் தகடு அந்த உதட்டுக்குள் போய் உட்காரும், அவ்வளவுதான். அதனால் ரப்பர் திரும்பினால் உதட்டைத்தான் பார்க்க வேண்டும்.

உதடு ஒரு மூலையில் தகட்டுக்கு வெளியே வந்திருக்கலாம். விரலால் உள்ளே தள்ளினால் முடிந்தது. போட்டபோது தடவிய எண்ணெய் உள்ளே தங்கியிருக்கலாம். கழற்றிக் கழுவிப் போடுங்கள். ரப்பர் வேறு மாடலுடையதாக இருக்கலாம். ஓரம் 2 மில்லிமீட்டர் பெரிதாக இருந்தாலே சுழலும். இல்லையென்றால் உதடு கிழிந்திருக்கும். கிழிந்ததைப் பசை போட்டு ஒட்டுவதை நான் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன். வெயிலில் அந்தப் பசை இளகும், பிரேக் மிதிக்கும் நேரத்தில் ரப்பர் காலோடு வரும். வேண்டாம்.

புது ரப்பரும் சில மாதத்தில் உதடு கிழிந்தால் குற்றம் தகட்டில் இருக்கும். ஓரம் துருப்பிடித்து ரம்பம் மாதிரி ஆகியிருக்கும், விரலால் தடவினால் தெரியும். உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்து, மெல்லிசாக ஒரு கோட் பெயிண்ட் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு ரப்பரைப் போடுங்கள்.

மாற்றும் முறை

கடைக்குப் போகும்போது பழைய ரப்பரைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரே மாடலில் வருஷத்துக்கு வருஷம் பெடல் மாறியிருக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியின் பிரேக் பெடல் அகலமானது, அதன் ரப்பரே வேறு. சென்னையில் இருப்பவர்களுக்கு வண்டி உதிரி பாகம் வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு இருக்கிறது, புதுப்பேட்டை இருக்கிறது. ஆனால் புதுப்பேட்டையில் கழற்றிய பழைய ரப்பரை வாங்காதீர்கள். அதுவும் வெயிலில் கிடந்த ரப்பர்தானே. கம்பெனி ரப்பருக்கும் டூப்ளிகேட்டுக்கும் விலை வித்தியாசம் சொற்பம். டூப்ளிகேட்டைக் கண்டுபிடிக்க உதட்டைப் பாருங்கள். மெல்லிசாகவும், அச்சு ஓரத்தில் பிசிறாகவும், மடக்கினால் வெளுத்தும் போனால் கீழே வைத்துவிடுங்கள்.

அலங்காரத்துக்கு விற்கும் அலுமினிய பெடல் உறைகளை நான் எங்கள் வண்டிகளில் அனுமதிப்பதில்லை. ஈரத்தில் வழுக்கும், ஸ்க்ரூ தளரும், பெடலின் உயரமும் அகலமும் மாறிவிடும்.

இனி வேலை. பழைய ரப்பரின் கீழ் மூலை ஒன்றில் கட்டைவிரலை உள்ளே விட்டு, உதட்டைத் தகட்டிலிருந்து உரித்து, அப்படியே பக்கவாட்டில் இழுத்தால் வந்துவிடும். இறுகிப்போனது வராது. அதை வெட்டியே எடுக்கலாம், எப்படியும் குப்பைக்குத்தான். கத்தியை உங்கள் கைக்கு எதிர்ப்பக்கமாக வைத்து வெட்டுங்கள்.

தகட்டைத் துடைத்து, துரு பார்த்து, காய விடுங்கள். அதற்குள் புது ரப்பரைச் சொம்பில் சுடுதண்ணீர் ஊற்றி 5 நிமிடம் போட்டு வையுங்கள். கை பொறுக்கும் சூடு போதும். இந்த ஒன்றைச் செய்தால் பாதி மல்லுக்கட்டு மிச்சம். எடுத்ததும் உள்பக்கம் மட்டும் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய், கிரீஸ் இரண்டும் கூடாது. சோப்புத் தண்ணீர் காய்ந்துவிடும், எண்ணெய் காயாது.

மேல் ஓரத்தை முதலில் தகட்டில் மாட்டி, இடது உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். வலது கட்டைவிரலால் ஒரு பக்க ஓரத்தை நீவிக்கொண்டே கீழே வாருங்கள். கடைசி மூலையில்தான் எல்லோரும் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பார்கள். நானும் எடுத்து இரண்டு புது ரப்பரின் உதட்டை அறுத்திருக்கிறேன். இப்போது ஸ்பூனின் காம்பைத்தான் பயன்படுத்துகிறேன். மொழுக்கென்ற முனை, உதட்டுக்கு அடியில் விட்டு லேசாக நெம்பினால் ‘டப்’ என்று தகட்டுக்குள் விழும். அந்தச் சத்தம் கேட்டால் உட்கார்ந்துவிட்டது.

அப்புறம் டார்ச் அடித்துப் பின்பக்கம் முழுக்க ஒரு சுற்றுப் பாருங்கள். நாலு ஓரத்திலும் உதடு தகட்டுக்குப் பின்னால் தெரிய வேண்டும். கையால் பலமாகத் திருகிப் பாருங்கள். ஈரத்தைத் துடைத்து அரை மணி நேரமாவது காய விட்டு, இன்ஜின் போடாமலே 20 தடவை மிதித்துப் பாருங்கள். மறுநாள் காலையிலும் ஒரு தடவை திருகிப் பாருங்கள்.

மாட்டும் முன் ரப்பரின் உள்பக்கம் வெள்ளை மார்க்கரால் மாதமும் வருஷமும் எழுதுவது என் வழக்கம். அடுத்த தடவை உரிக்கும்போது எத்தனை நாள் வந்தது என்று கணக்கு கிடைக்கும். ஒரு வண்டியில் மட்டும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் போயிருந்தால் அந்த வண்டியைத் தனியாகக் கவனிப்பேன்.

அறிகுறி 4: ரப்பர் ஈரமாக, பிசுபிசுப்பாக இருக்கிறது

மழையில் நனைந்த ஷூவின் தண்ணீர் என்றால் துடைத்தால் போய்விடும். துடைத்தும் மறுநாள் திரும்ப ஈரம் என்றால், வெள்ளைத் துணியால் ஒற்றி விரலில் தேய்த்துப் பாருங்கள். தண்ணீர் விரலில் நிற்காது. பிரேக் ஆயில் வழவழவென்று நிற்கும், லேசான மஞ்சளோ பழுப்போ காட்டும். பார்த்த பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பெயிண்டில் பட்டால் பெயிண்டையே உரித்துவிடும் சாமான் அது.

டார்ச்சை மேலே திருப்பி, பெடல் தண்டிலிருந்து இன்ஜின் பக்கம் போகும் கம்பியைப் பாருங்கள். அந்தக் கம்பி சுவருக்குள் நுழையும் இடத்தில் ஈரமோ, கீழே மேட்டில் கறையோ இருக்கிறதா? பேனட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்திருக்கிறதா? ஹைட்ராலிக் கிளட்ச் (ஆயில் அழுத்தத்தில் இயங்குவது) வண்டியில், அந்த அழுத்தத்தை உண்டாக்கும் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் கசிந்தால் ஆயில் பெடல் வழியாகத்தான் ரப்பருக்கு இறங்கும். பழைய மாருதி 800 போன்ற கேபிள் கிளட்ச் வண்டியில் கிளட்சுக்கு ஆயிலே கிடையாது, அங்கே வழவழப்பு கண்டால் சந்தேகம் பிரேக் மேல்தான்.

ஆயில்தான் என்று தெரிந்தால் வண்டியை நகர்த்தாதீர்கள். மெதுவாக ஓட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப் வரை போய்விடலாம் என்ற எண்ணமே வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், முடியாவிட்டால் டோ செய்யுங்கள்.

அறிகுறி 5: ரப்பர் நல்லது, பெடல் சரியில்லை

ரப்பர் மாற்றிய பிறகும் பிரேக் ஆழமாகப் போகிறது என்று சிலர் வருவார்கள். ரப்பருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு சோதனை செய்யுங்கள்.

இன்ஜினை நிறுத்திவிட்டு பிரேக்கை ஐந்தாறு தடவை மிதித்தால் பெடல் இறுகும். அப்படியே மிதித்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் (நம் மிதிக்கு பலம் கூட்டும் பாகம்) வேலை செய்கிறது. இறங்காமல் கட்டையாகவே நின்றால் பூஸ்டரையோ வேக்குவம் குழாயையோ பார்க்க வேண்டும்.

இரண்டாவது, நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓட, பெடலை நிதானமாக அழுத்தி அரை நிமிடம் ஒரே அழுத்தத்தில் பிடியுங்கள். மெல்ல மெல்லக் கீழே போய்க்கொண்டே இருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள்ளேயே அழுத்தத்தை விடுகிறது. பஞ்சு மாதிரி அமுங்கினால் லைனில் காற்று இருக்கலாம். எதுவானாலும் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய இடம் இதுதான்.

மிதிக்கும்போது கிறீச்சென்ற சத்தம் மட்டும் என்றால் பெடல் தொங்கும் அச்சில் துளி கிரீஸ் வைத்தாலே பெரும்பாலும் நின்றுவிடும். ஸ்ப்ரே அடிக்காதீர்கள், வடிந்து ரப்பருக்கும் பிரேக் லைட் சுவிட்சுக்கும் வரும். பிரேக்கைத் தொட்டதும் மேலே மெல்ல ‘டிக்’ என்றால் அது அந்தச் சுவிட்சின் சத்தம், பழுதில்லை.

அறிகுறி 6: பெடல் சிக்குகிறது, திரும்பி வரவில்லை

முதலில் மேட். அடியில் கொக்கி இல்லாத மேட், மேட்டுக்கு மேல் இன்னொரு மேட், இரண்டுமே முன்னால் நகர்ந்து ஆக்ஸிலேட்டருக்கு அடியிலோ மேலோ மாட்டும். 2009-ல் அமெரிக்காவில் டொயோட்டா சுமார் 38 லட்சம் வண்டிகளுக்குத் திரும்ப அழைப்பு அறிவித்தது இந்த மேட் சிக்கலுக்காகத்தான். எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். சீட்டுக்கு அடியில் உருளும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துவிடுங்கள். பிரேக்குக்கு அடியில் அது போய் நின்றால் எவ்வளவு மிதித்தாலும் இறங்காது.

அடுத்து, புதிதாகப் போட்ட ரப்பர் அகலமாக இருந்து பக்கத்துப் பெடலை உரசுகிறதா என்று பாருங்கள். கேபிள் கிளட்ச் பெடல் கனமாகி, மெதுவாகத் திரும்பினால் கேபிள் உள்ளே துருவோ பிரிந்த நூலோ இருக்கும். அறுந்து நடுரோட்டில் நிற்கும் முன் மாற்றிவிடுங்கள்.

டிரைவிங் ஸ்கூல் வண்டிகளில் இன்னொரு இடமும் இருக்கிறது. 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகள்படி பயிற்சி வண்டியில் டபுள் கண்ட்ரோல் இருக்க வேண்டும். அதாவது, கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் உட்காரும் பக்கமும் பெடல்கள் இருக்கும், அவற்றுக்கும் ரப்பர் உண்டு. ஆபத்தில் வண்டியை நிறுத்தப்போவது அதுதான், ஆனால் அதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. இணைக்கும் கம்பியின் நட்டு தளர்ந்தாலும் இரண்டு பக்கப் பெடலும் சேர்ந்து சிக்கும். நான் ஒவ்வொரு திங்கள் காலையும் இரண்டு பக்கத்தையும் கையால் அழுத்தி விட்டுப் பார்ப்பேன். ஒன்றை அழுத்தினால் மற்றது கூடவே இறங்க வேண்டும், விட்டதும் இரண்டும் ஒன்றாக மேலே வர வேண்டும்.

கடைசியாக ஆக்ஸிலேட்டர். இப்போதைய வண்டிகளில் அதற்கு கேபிள் இல்லை, சென்சார்தான். மேட்டை எடுத்த பிறகும் அது சிக்கினால், நெம்பவோ எண்ணெய் விடவோ கூடாது. சாவியை எடுத்துவிட்டு சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்வேன். அவர்கள் வந்து பார்க்கும் வரை அந்த வண்டியில் யாரையும் ஏற்ற மாட்டேன்.